விரிதாளை வலைப்பக்கமாக்கும்போது வரும் கோளாறுகள்: காவடிப் பட்டியலை வைத்து ஒரு பிழை நீக்கும் வழிமுறை

மொரிஷியஸில் தைப்பூசக் காவடி அரசு விடுமுறை. அதற்கு முன் பத்து நாள் விரதம். பூசை நேரம், உபயக்காரர் பெயர், அன்னதானத்துக்கு யார் என்ன கொண்டுவருகிறார்கள், எத்தனை காவடி, எத்தனை பால்குடம் என்று எல்லாக் கணக்கும் ஒரு விரிதாளில் வந்து சேரும். காத்ர் போர்ன் பக்கம் நான் உதவிக்குப் போகும் கோவிலிலும் அப்படித்தான். முன்பெல்லாம் அதை அச்சடித்து வாசலில் ஒட்டுவோம். சில வருடங்களாக விரிதாளையே வலைப்பக்கமாக வெளியிடுகிறோம். ரோஸ் ஹில்லில் மெட்ரோ ஏறுகிறவர் போர்ட் லூயிஸ் போய்ச் சேர்வதற்குள் போனில் பார்த்து முடித்துவிடுகிறார்.

வெளியிடுவது எளிது, இரண்டு சொடுக்கு போதும். வெளியிட்ட பிறகு வரும் கோளாறுகளுக்குத்தான் யாரும் வழி சொல்வதில்லை. ஒவ்வொரு விரதக் காலத்திலும் எங்களுக்கு வந்த அழைப்புகளை வைத்து, என்ன தெரிகிறது, ஏன், என்ன செய்வது என்று எழுதி வைக்கிறேன். பெரும்பாலும் கூகுள் ஷீட்ஸ், எக்செல் இரண்டையும் மனதில் வைத்தே சொல்கிறேன்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். பிரௌசரில் மறைநிலை ஜன்னல் ஒன்றைத் திறந்து, கூகுள் கணக்கு எதிலும் நுழையாமல், உங்கள் பக்கத்தைப் பாருங்கள். பக்தர்கள் பார்ப்பது அதைத்தான். கோப்பின் சொந்தக்காரராக உள்ளே நுழைந்த நிலையில் நீங்கள் பார்க்கும் பக்கம் வேறு.

தேதிகள் மாதம் விட்டு மாதம் தாவுகின்றன

எங்களை அதிகம் அலைக்கழித்தது இதுதான். 2025-இல் காவடி பிப்ரவரி 11. எங்கள் பட்டியல் 02/02/2025 முதல் 11/02/2025 வரை, பத்து வரி. வெளியிட்ட பக்கத்தில் முதல் வரி பிப்ரவரி 2 என்று சரியாக இருந்தது. அடுத்த வரி மார்ச் 2, அதற்கடுத்தது ஏப்ரல் 2. காவடி நவம்பர் 2-இல் போய் நின்றது. பத்து நாள் விரதம் பத்து மாத விரதமாகிவிட்டது. பக்கத்துத் தெருவில் இருக்கும் வயதான தாந்தீன் (அத்தை என்று மரியாதையாக அழைப்பது) ஒருவர்தான் முதலில் போன் செய்து கேட்டார், "மார்ச்சிலுமா பூசை, தம்பி?" என்று.

காரணம் இது. நாம் நாளை முன்னும் மாதத்தைப் பின்னுமாக எழுதுகிறோம். அமெரிக்க வழக்கத்தில் மாதம் முன்னால் வரும். ஒவ்வொரு விரிதாளுக்கும் லொகேல் என்று ஓர் அமைப்பு உண்டு. அது அமெரிக்கா என்று இருந்தால் 11/02 என்பதை நவம்பர் 2 என்றே அந்தக் கோப்பு எடுத்துக்கொள்ளும். பிழைச் செய்தி எதுவும் வராது. இங்கேதான் தைப்பூசத்துக்கு ஒரு தனி ஆபத்து இருக்கிறது. பட்டியலில் 25/01 போன்ற தேதி இருந்திருந்தால் இருபத்தைந்தாம் மாதம் கிடையாது என்பதால் அது எழுத்தாகவே நின்று, கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு கண்ணில் பட்டிருக்கும். எங்கள் பட்டியலில் நாளும் மாதமும் எல்லாமே 12-க்குள். அதனால் பத்துத் தேதியும் தவறாக, ஆனால் ஒழுங்காக உள்ளே போய்விட்டன.

சரிசெய்ய, கூகுள் ஷீட்ஸில் ஃபைல் பட்டியலில் செட்டிங்ஸ் போய் லொகேலை மாற்றுங்கள். உங்கள் குழு தசமத்துக்குப் புள்ளி வைத்தால் யுனைடெட் கிங்டம், காற்புள்ளி வைத்தால் பிரான்ஸ். இரண்டிலும் நாள் முன்னால்தான். ஆனால் மாற்றியதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஏற்கெனவே நவம்பர் 2 என்று பதிவானது நவம்பர் 2 ஆகவே இருக்கும். காட்டும் முறைதான் 02/11 என்று மாறும். ஆகவே லொகேலை மாற்றிய பின் தேதிகளைத் திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டும். வரிகள் நிறைய இருந்தால் பக்கத்து நெடுவரிசையில் டேட் சூத்திரம் எழுதி, மாதம் இருக்க வேண்டிய இடத்தில் பழைய தேதியின் நாளையும், நாள் இருக்க வேண்டிய இடத்தில் பழைய மாதத்தையும் கொடுங்கள். அப்புறம் வந்த விடையை மதிப்பாக மட்டும் ஒட்டிக்கொள்ளுங்கள்.

இனி வராமல் இருக்க, தேதிக் கட்டங்களின் காட்சி வடிவத்தில் மாதப் பெயர் எழுத்தில் வரும்படி வையுங்கள். "11 பிப்ரவரி" என்று இருந்தால் தட்டச்சு செய்பவருக்கே தவறு உடனே தெரியும். எங்கள் கோவிலில் இப்போது இது கட்டாயம்.

தேதி இருக்க வேண்டிய இடத்தில் 45699

பதற வேண்டாம், எதுவும் தொலையவில்லை. விரிதாள் தேதியை நாள் எண்ணிக்கையாகத்தான் வைத்திருக்கிறது. எக்செல் 1900 ஜனவரி 1-ஐ முதல் நாளாக எண்ணுகிறது. அந்தக் கணக்கில் 45699 என்பது 2025 பிப்ரவரி 11. கட்டத்தின் வடிவம் எண் என்று மாறியிருக்கிறது, அல்லது பக்கத்தை உருவாக்கும் கருவி வடிவத்தை விட்டுவிட்டு மதிப்பை மட்டும் எடுத்திருக்கிறது. வடிவத்தைத் தேதி என்று மாற்றுங்கள். கருவி கேட்காவிட்டால் டெக்ஸ்ட் சூத்திரத்தால் தேதியை எழுத்தாக்கிக் கொடுங்கள்.

தேதி நான்கு வருடமும் ஒரு நாளும் தள்ளி வந்தால் அது வேறு கதை. பழைய மேக் எக்செல் கோப்புகள் 1904-இலிருந்து எண்ணும். வித்தியாசம் சரியாக 1462 நாள்.

காவடி ஒரு நாள் முன்னதாகத் தெரிகிறது

விரிதாளில் பிப்ரவரி 11, பக்கத்தில் பிப்ரவரி 10. இது நேர வலயத்தால் வருவது. மொரிஷியஸ் நேரம் உலகப் பொது நேரத்தை விட நான்கு மணி முன்னால். இங்கே 11-ஆம் தேதி நள்ளிரவு பிறக்கும்போது பொது நேரப்படி 10-ஆம் தேதி இரவு எட்டு மணி. பக்கத்தை எழுதிய நிரல் தேதியைப் பொது நேரத்துக்கு மாற்றி, நேரத்தை வெட்டிவிட்டு நாளை மட்டும் காட்டினால் ஒரு நாள் குறைந்துவிடும்.

இன்னொரு வகையும் உண்டு. இங்கே எல்லோருக்கும் சரியாகத் தெரியும், நேர வலயம் ஒன்றே என்பதால் ரீயூனியனில் இருக்கும் உறவினருக்கும் சரியாகத் தெரியும், மாண்ட்ரியாலில் இருக்கும் மகளுக்கு மட்டும் 10 என்று வரும். வெறும் தேதியைப் பொது நேர நள்ளிரவாக எடுத்துக்கொண்டு, பார்ப்பவரின் உள்ளூர் நேரத்துக்கு மாற்றுவதால் வருவது இது. கனடாவில் அந்த நேரத்தில் முந்தைய நாள் மாலை.

ஃபைல் செட்டிங்ஸில் நேர வலயம் மொரிஷியஸ் என்று இருக்கிறதா பாருங்கள். ஆப்ஸ் ஸ்கிரிப்ட் (கூகுள் ஷீட்ஸுக்குள் நிரல் எழுதும் வசதி) பயன்படுத்தினால் அதற்குத் தனியாக ஒரு நேர வலயம் உண்டு, அதையும் பாருங்கள். ஆனால் எனக்கு நம்பிக்கையான வழி ஒன்றுதான். திருவிழாத் தேதி கணக்குப் போட வேண்டிய பொருள் அல்ல, படிக்க வேண்டியது. "பிப்ரவரி 11, செவ்வாய்" என்று விரிதாளிலேயே எழுத்தாக ஒரு நெடுவரிசை வைத்து அதை மட்டும் பக்கத்துக்கு அனுப்புங்கள். எழுத்தை எந்த நேர வலயமும் மாற்றாது.

நிரல் எழுதும் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு: கூகுள் ஷீட்ஸின் தரவு வினவல் வழியாகத் தேதி வரும்போது மாதம் 0-இல் தொடங்கும். 1 என்றால் பிப்ரவரி.

கூட்டல் தொகை பொருந்தவில்லை, எண்கள் பெருத்துவிட்டன

பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்து படித்த நாடு இது. ஒருவர் தசமத்துக்குக் காற்புள்ளி வைப்பார், இன்னொருவர் புள்ளி வைப்பார். கற்பூரம் ஒன்றேகால் கிலோ என்பதை 1,250 என்று எழுதினால் ஆங்கில லொகேலில் அது ஆயிரத்து இருநூற்றைம்பது. 12,5 போன்றவை எழுத்தாகவே நின்றுவிடலாம். அப்போது கூட்டல் சூத்திரம் அந்தக் கட்டத்தைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். எண்ணாகப் பதிவானது வலப்பக்கம் ஒட்டும், எழுத்தாகப் பதிவானது இடப்பக்கம் ஒட்டும். கட்டங்களின் சீரமைப்பை நீக்கிவிட்டுப் பார்த்தால் குற்றவாளி தெரிந்துவிடும். எங்கள் குழுவில் கிலோவை விட்டுவிட்டு எல்லாவற்றையும் கிராமில் எழுத ஆரம்பித்தோம். சண்டை தீர்ந்தது.

தமிழ் எண்களையும் இங்கே சொல்ல வேண்டும். நம் மொரிஷியஸ் ரூபாய்த் தாளில் தமிழ் எண்கள் அச்சாகின்றன. அதில் நமக்கெல்லாம் பெருமை உண்டு, பள்ளியில் பிள்ளைகளுக்கு அதைக் காட்டித்தான் சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் விரிதாளில் ௨௫ என்று தட்டினால் அது இருபத்தைந்து என்று கணக்கில் சேராது, எழுத்துதான். கணக்கு நெடுவரிசையில் 25 இருக்கட்டும். காட்சிக்கு வேண்டுமானால் பக்கத்தில் தமிழ் எண்ணைத் தனியாக வையுங்கள்.

தொலைபேசி எண்களும் இதே குடும்பம். கூட்டல் குறியோடு 230 என்று தொடங்கினால் சூத்திரம் என்று நினைத்துக்கொள்ளும். ரீயூனியன் எண்கள் 0262, 0692 என்று பூஜ்யத்தில் தொடங்குவதால் அந்தப் பூஜ்யம் விழுந்துவிடும். தட்டச்சுக்கு முன்பே அந்த நெடுவரிசையை வெறும் எழுத்து என்று வடிவமைக்க வேண்டும். பின்னால் மாற்றினால் விழுந்த பூஜ்யம் திரும்பாது.

மாற்றியாயிற்று, பக்கத்தில் பழையதே இருக்கிறது

கூகுள் ஷீட்ஸில் வெளியிட்ட பக்கம் உங்கள் விரிதாளின் நகல். மாற்றம் போய்ச் சேரச் சில நிமிடம் ஆகும். மாற்றம் வந்தால் தானாக மறுபடி வெளியிடு என்ற தேர்வு அணைந்திருந்தால் எத்தனை நாளானாலும் போய்ச் சேராது. அதை முதலில் பாருங்கள். வேறொரு கோப்பிலிருந்து தரவு இழுத்துக்கொண்டிருந்தால் அந்தத் தாமதமும் சேரும். பார்ப்பவரின் போன் பழைய பக்கத்தைச் சேமித்து வைத்திருப்பதும் உண்டு.

இதைத் தவிர்க்க முடியாது, ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். "மழையால் ஊர்வலம் அரை மணி தள்ளிப்போகிறது" போன்ற செய்திக்கு இந்தப் பக்கம் ஏற்றதல்ல. அதற்கு வாட்ஸ்அப்தான். பக்கத்தின் தலையில் "கடைசியாகத் திருத்தியது" என்று நாளும் நேரமும் கையால் எழுதி வையுங்கள். பார்ப்பவர் எந்த நகலைப் பார்க்கிறார் என்று போனிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

வடிகட்ட முடியவில்லை, பொத்தான் அழுந்தவில்லை

இதைக் கோளாறு என்று நினைத்து மணிக்கணக்கில் தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இது எல்லை. கூகுள் ஷீட்ஸ் வெளியிடும் பக்கத்தில் பார்ப்பவர் வரிசைப்படுத்தவோ வடிகட்டவோ முடியாது. நீங்கள் எழுதிய ஸ்கிரிப்ட் பொத்தானும் அங்கே ஓடாது. பார்ப்பவர் தன் பெயரைத் தேடி வடிகட்ட வேண்டும் என்றால் மூன்று வழி உண்டு. ஒன்று, வெளியிடாமல் பார்க்க மட்டும் அனுமதி உள்ள லிங்க்கைப் பகிர்வது. அங்கே பார்ப்பவர் தனக்கு மட்டும் தற்காலிக வடிகட்டி வைத்துக்கொள்ளலாம். இரண்டு, எக்செல் கோப்பை ஒன்ட்ரைவிலிருந்து உட்பொதிப்பது, அதாவது உங்கள் வலைப்பக்கத்துக்குள்ளேயே ஒரு பெட்டியாகக் காட்டுவது. அதில் வரிசைப்படுத்தவும் வடிகட்டவும், சேமிக்காமல் கட்டங்களில் தட்டிப் பார்க்கவும் அனுமதி கொடுக்கலாம். ஆனால் மேக்ரோ எதுவும் வலையில் ஓடாது. மூன்று, தரவை எடுத்துத் தனியாகப் பக்கம் எழுதுவது. அதைப் பராமரிக்க ஓர் ஆள் வருடம் முழுக்க வேண்டும். கோவில் குழுக்களுக்கு நான் முதல் வழியைத்தான் சொல்வேன், ஆனால் கடைசியில் வரும் எச்சரிக்கையைப் படித்த பிறகு.

பழைய கணினியில் ஒரு பக்கம் இருக்கிறது, முன்பெல்லாம் அதில் எண்ணை மாற்றினால் தொகை தானாக மாறும், இப்போது வெற்றுப் பெட்டிதான் வருகிறது என்று கேட்கிறவர்களும் உண்டு. எக்செல் 2000 முதல் 2003 வரை ஊடாடும் வலைப்பக்கமாகச் சேமிக்கும் வசதி இருந்தது. அது ஆஃபீஸ் வெப் காம்பொனன்ட்ஸ் என்ற துணைக்கருவியை நம்பி, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும் ஓடியது. எக்செல் 2007-இல் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். எக்ஸ்ப்ளோரரே 2022 ஜூனில் ஓய்வு பெற்றது. அந்தப் பக்கத்தை உயிர்ப்பிக்க முயல வேண்டாம். மூல விரிதாள் கிடைக்கிறதா என்று தேடுங்கள்.

உட்பொதித்த இடம் வெறுமையாக இருக்கிறது

உங்களுக்கு மட்டும் தெரிகிறது, மற்றவர்களுக்குச் சாம்பல் பெட்டி. கோப்பு பொதுவில் இல்லை. கூகுள் நுழைவுப் பக்கத்தைக் காட்டப் பார்க்கிறது, அந்தப் பக்கமோ இன்னொரு பக்கத்தின் சட்டத்துக்குள் வர மறுக்கிறது. பகிர்வு முகவரியை ஒட்டியிருந்தால் அதை எடுத்துவிட்டு, வெளியிடும் பெட்டியில் கிடைக்கும் உட்பொதிப்பு முகவரியை ஒட்டுங்கள்.

தமிழ் கலைந்து வருகிறது

கலைந்த விதத்தைப் பார்த்தே நோயைச் சொல்லலாம். தலையில் கோடு போட்ட லத்தீன் எழுத்து ஒன்று திரும்பத் திரும்ப வந்து, ஒரு தமிழ் எழுத்துக்கு மூன்று குப்பை எழுத்து என்று இருந்தால், கோப்பு நல்ல யு.டி.எஃப்-8 (யூனிகோட் எழுத்துகளைச் சேமிக்கும் முறை) கோப்புதான். திறந்த மென்பொருள்தான் தவறாகப் படித்திருக்கிறது. யு.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். சி.எஸ்.வி கோப்பை (கட்டங்களைக் காற்புள்ளி போன்ற குறியால் பிரித்து வைக்கும் வெறும் எழுத்துக் கோப்பு) எக்செலில் இரட்டைச் சொடுக்கால் திறக்காமல், தரவு இறக்குமதி வழியாக யு.டி.எஃப்-8 என்று சொல்லித் திறங்கள்.

கேள்விக்குறிகளாக வந்தால் தமிழ் தெரியாத பழைய குறிமுறையில் யாரோ சேமித்துவிட்டார்கள். அந்தக் கோப்பில் எழுத்து போய்விட்டது, மூலத்துக்குத்தான் திரும்ப வேண்டும். ஆங்கில எழுத்துகள் அர்த்தமில்லாமல் வந்தால் அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது. யூனிகோடுக்கு மாற்றி ஒட்டுங்கள்.

எல்லாப் பெயரும் ஒரே நெடுவரிசையில் குவிந்துகிடந்தால் அது வேறு. பிரெஞ்சு அமைப்பு உள்ள கணினி சி.எஸ்.வி-யில் காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளியால் பிரிக்கும்.

அகரவரிசை தவறு, தேடினால் பெயர் கிடைக்கவில்லை

கமலாவுக்கு முன் கனகா வருகிறார், அம்பிகாவுக்கு முன் அமுதா வருகிறார் என்றால், பக்கத்தில் உள்ள நிரல் யூனிகோட் எண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்துகிறது. யூனிகோடில் ன, ந-வை அடுத்து, ப-வுக்கு முன் இருக்கிறது. நம் நெடுங்கணக்கில் ன கடைசி. மெய்யெழுத்தின் புள்ளியும் அங்கே உயிர்க்குறிகளுக்குப் பின்னால் வைக்கப்பட்டிருப்பதால் ம் என்பது மு-வுக்குப் பின்னால் போய்விடுகிறது. நிரல் எழுதுபவர் ஒப்பிடும்போது தமிழ் மொழிக் குறியைக் கொடுக்க வேண்டும். நிரலைத் தொட முடியாதவர்கள் விரிதாளில் வரிசை எண் என்று ஒரு நெடுவரிசை வைத்து அதன்படி அடுக்கிவிடுங்கள்.

தேடல் கிடைக்காததற்கு இரண்டு காரணம் பார்த்திருக்கிறேன். "பொ" என்பதை ஒரே கொம்புக்காலாகவும் தட்டலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் தட்டலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. இரண்டாவது நம் நாட்டுக்கே உரியது. ஆறுமுகம் இங்கே ஆர்மூகம் ஆகி, பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் கோவில் ரசீதில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருக்கும். இதற்கு மென்பொருள் தீர்வு இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு ரசீது எண் கொடுத்து அதை வைத்துத் தேடச் சொல்லுங்கள்.

போனில் பாதிதான் தெரிகிறது

நெடுவரிசை நான்குக்கு மேல் வேண்டாம். இணைத்த கட்டங்களைப் பிரித்துவிடுங்கள். அவ்வளவுதான்.

மறைத்த விவரம் வெளியே தெரிகிறது

இதை எல்லாவற்றையும் விட முக்கியமாக நினைக்கிறேன். ஒரு வருடம் எங்கள் பட்டியலில் பெயர், தொலைபேசி, எந்த வேண்டுதலுக்காகக் காவடி என்று மூன்றும் இருந்தன. கடைசி இரண்டையும் மறைத்துவிட்டுத்தான் லிங்க்கைப் பகிர்ந்தோம். ஒரு பக்தர் தன் கணக்கில் நகல் எடுத்தார், மறைத்த நெடுவரிசைகள் திறந்துகொண்டன. மகனுக்கு உடம்பு சரியாக வேண்டும் என்று ஒரு தாய் வேண்டிக்கொண்டதை ஊர் படிக்க வேண்டியதில்லை. அன்றிரவே எடுத்துவிட்டோம். ஆனாலும் அந்தத் தாயின் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டுத்தான் வந்தோம்.

மறைத்தல் என்பது பார்வைக்குத்தான், பாதுகாப்புக்கு அல்ல. தேடல் பெட்டி உள்ள பக்கங்களும் பெரும்பாலும் அப்படியே. பெயரைத் தட்டினால் ஒரு வரிதான் தெரியும், ஆனால் முழுப் பட்டியலும் ஏற்கெனவே போனுக்கு இறங்கியிருக்கும். பக்கத்தின் மூலத்தைத் திறக்கத் தெரிந்தவர் எல்லாவற்றையும் படிக்கலாம். மொரிஷியஸின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2017 சமய நம்பிக்கையைச் சிறப்பு வகைத் தனிநபர் தரவாக வைத்திருக்கிறது. காவடி எடுப்பவர் பட்டியல் பெயர் மட்டும் இருந்தாலும் அந்த வகையில் வரும்.

அதனால் பொதுவில் போக வேண்டிய நெடுவரிசைகளுக்கு மட்டும் தனிக் கோப்பு ஒன்றை உருவாக்குங்கள். மூலக் கோப்பில் இன்னொரு தாள் போதாது. புதிய கோப்பில் மதிப்பை மட்டும் ஒட்டுங்கள். பெயருக்குப் பதில் ரசீது எண் போதுமானால் அதையே வையுங்கள். பெயர் வேண்டும் என்றால் பதிவு செய்யும்போதே சம்மதம் கேளுங்கள். வெளியிடும் பெட்டியில் முழு ஆவணம் என்பதை மாற்றி, அந்த ஒரு தாளை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

பகிர்வை நிறுத்தினால் வெளியீடும் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. கோப்பை உங்களுக்கு மட்டும் என்று பூட்டினாலும் வெளியிட்ட பக்கம் திறந்தே இருக்கும். காவடி முடிந்த மறுநாள் அந்தப் பெட்டிக்குள் போய் வெளியீட்டை நிறுத்து என்பதை அழுத்துங்கள். அப்புறம் மறைநிலை ஜன்னலில் பழைய முகவரியை ஒட்டி, பக்கம் வரவில்லை என்று பார்த்த பிறகு கணினியை அணையுங்கள்.